அறுபத்தைந்தாவது பஞ்சுக்குச்சி

ஐந்தாம் படுக்கையின் வென்டிலேட்டர் அலறியது.

சாதாரணமாக அது சிணுங்கும், யாராவது போய் ஒரு பொத்தானைத் தட்டினால் அடங்கிவிடும். இது வேறு சத்தம். ஷூஹுய் கையிலிருந்த மருந்து அட்டையைக் கீழே வைக்கக்கூட நினைக்காமல் ஓடினாள். திரையில் ஆக்சிஜன் எண்பத்து நான்கு. அவள் படுக்கையை எட்டுவதற்குள் எழுபத்தொன்பது.

"குழாய் அடைச்சுக்கிச்சு! உறிஞ்சுற குழாயக் குடுங்க, சீக்கிரம்!"

படுக்கையில் கிடந்தவன் பிங்யாவ். வயது இருபத்தேழு. பெயின்ட் பட்டறையில் தின்னர் பீப்பாய் தீப்பிடித்தபோது, ஓடிப் போகாமல் மூடியைப் போட்டு அணைக்கப் பார்த்தவன். உடம்பில் பாதிக்கு மேல் வெந்துவிட்டது. அதைவிட மோசம், அந்தத் தீயை ஒரு மூச்சு உள்ளே இழுத்துவிட்டான். இன்றோடு பத்தொன்பது நாளாக அவனுக்காக இயந்திரம்தான் மூச்சு விடுகிறது.

ஷூஹுய் மெல்லிய குழாயை அவன் தொண்டைக் குழாய்க்குள் இறக்கினாள். எழுபத்தொன்று. ஏதோ தட்டியது. உறிஞ்சினாள். வரவில்லை. உப்புநீரை ஊற்றி மறுபடி உறிஞ்சினாள். அறுபத்தாறு.

"வாடா, வெளிய வாடா சனியனே…"

சளுக்கென்று ஒரு சத்தம். பச்சையும் பழுப்புமாக, பசை போல ஒரு கட்டி குழாயில் ஏறி வந்தது. இயந்திரம் ஒரு நொடி தயங்கிவிட்டுப் பழைய தாளத்துக்குத் திரும்பியது. எழுபது. எண்பது. தொண்ணூற்றொன்று.

ஷூஹுயின் முதுகு முழுக்க வியர்வை. சாங்ஹுவா நகரத்து மருத்துவமனையின் ஆறாவது மாடியில், எட்டுப் படுக்கை கொண்ட இந்தத் தீக்காயப் பிரிவுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். பதினாறு வருடம். இப்படி எத்தனையோ கட்டிகளை உறிஞ்சி எடுத்திருக்கிறாள். ஆனால் இந்த நிறமும் இந்த நாற்றமும் மே மாதத்திலிருந்துதான். இது நாலாவது ஆள்.

டாக்டர் வெய் உப்புப் பிளம் கொட்டையைக் கன்னத்தில் அதக்கியபடி வந்தார். சிகரெட்டை விட்டதிலிருந்து அவருக்கு அதுதான் துணை. கையில் ஆய்வுக்கூடத்து ரிப்போர்ட்.

"வந்துடுச்சு ஷூஹுய். நம்ம குடித்தனக்காரனேதான்."

அந்தக் கிருமிக்கு நர்ஸுகள் வைத்த பெயர் அது. நுரையீரலுக்குள் குடி வந்தால் காலி பண்ணமாட்டான், எந்த மருந்து போய்க் கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டான்.

"எத்தனை மருந்துக்கு அசையல?"

"ஏழு போட்டுப் பார்த்தாங்க. ஏழையும் தின்னுட்டு ஏப்பம் விடுறான். எட்டாவது ஒண்ணுதான் பாக்கி."

எட்டாவது எது என்று ஷூஹுய்க்குத் தெரியும். அரதப் பழசு. கிருமியையும் கொல்லும், சிறுநீரகத்தையும் கொல்லும். எது முந்துகிறது என்பதுதான் பந்தயம்.

"குடுத்துப் பார்ப்போம். புகையாவும் உள்ள விடுவோம். சளி அடங்குற வரைக்கும் தோல் ஒட்டுற ஆபரேஷனப் பத்திப் பேச்சே இல்ல. மயக்க மருந்து குடுத்தா மேஜையிலயே போயிடுவான். ஆனா தோல் ஒட்டலேன்னா புண்ணு வழியா இன்னொரு கிருமி உள்ள வரும்." அவர் கொட்டையை மறு கன்னத்துக்கு மாற்றினார். "இவன் எங்கேருந்துதான் வர்றான்? கண்டுபிடி. எனக்கு வெறி பிடிக்குது."

பத்தரைக்கு மணி அடித்தது. பார்வையாளர் நேரம். அரை மணி.

முதல் ஆளாக மெய்ச்சூ வந்தாள். பிங்யாவின் அக்கா. லூகாங்கில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். கடையைப் பத்து மணிக்குச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் பறந்து வருவாள். மஞ்சள் அங்கியை மாட்டினாலும் அவள்மேல் முள்ளங்கி அப்பமும் எண்ணெயும் மணக்கும். அப்பா, அம்மா இரண்டு பேரும் ஒரே விபத்தில் போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்தொன்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "பண்ணியாச்சே, ஒரு தடிமாட்டத் தத்து எடுத்தாச்சே" என்பாள்.

"டேய் தூங்குமூஞ்சி!" கட்டுகளுக்கு நடுவே தெரிந்த காதருகே குனிந்தாள். "உன் மீன் தொட்டியில ரெண்டு பேரு மிதந்துட்டாங்க. மூணாவது ஆளு உண்ணாவிரதம். நீ எந்திரிச்சு வர்ற வரைக்கும் திங்கமாட்டேங்குது. எனக்கு என்ன மீனுக்குத் தாலாட்டா பாடத் தெரியும்?"

"மெய்ச்சூ, கையுறை" என்றாள் ஷூஹுய்.

"ரப்பரப் போட்டுக்கிட்டுத் தொட்டா என் கைன்னு அவனுக்கு எப்படிங்க சிஸ்டர் தெரியும்?" முணுமுணுத்துக்கொண்டே மாட்டினாள். பிறகு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "முட்டை அப்பம். ஆறிடுச்சு. நின்னுக்கிட்டே சாப்பிடுங்க. நீங்க விழுந்துட்டா என் தம்பிய யாரு பார்ப்பா?"

வென்டிலேட்டர் மேல் ராசிக்காக வைத்திருந்த பச்சைப் பொட்டலத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "ஐயா, உங்களையும்தான். கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

ஷூஹுய் திரையை இழுத்துவிட்டு நகர்ந்தாள். அந்த அரை மணியாவது அவர்களுக்கென்று இருக்கட்டும்.

அன்று மதியமே வேட்டை தொடங்கியது. தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து லீஜூ வந்தாள். குள்ளமான, சிரிக்காத பெண். அவள் நடந்து போனால் கரப்பான் பூச்சிகூடக் கை கழுவிக்கொள்ளும் என்று பேச்சு.

பஞ்சுக்குச்சியால் ஒவ்வோர் இடமாகத் துடைத்துத் துடைத்துச் சீசாவில் போட்டார்கள். கட்டில் கம்பி. கை கழுவும் தொட்டியின் ஓட்டை. வென்டிலேட்டர் குழாய், பொத்தான், திரை. மருந்து வண்டியின் சக்கரம். திரைச்சீலையின் விளிம்பு. கம்ப்யூட்டர் விசைப்பலகை. பன்னிரண்டு நர்ஸுகளின் இருபத்து நான்கு உள்ளங்கைகள். டாக்டர் வெய்யின் கைப்பேசி.

"என் போன்லயா? அதுல என் மாமியார் குரலத் தவிர வேற விஷம் எதுவும் கிடையாது" என்றார் அவர். லீஜூ சிரிக்கவில்லை. துடைத்தாள்.

மொத்தம் அறுபத்து நான்கு குச்சி.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. "ஒண்ணும் இல்ல. தொட்டி ஓட்டையில மட்டும் ஏதோ இருக்கு, ஆனா அது வேற சாதி. உங்க இடம் சுத்தமா இருக்கு அக்கா."

"சுத்தமா இருந்தா எப்படிம்மா நாலு பேருக்கு வரும்? வானத்துலேருந்தா விழுது?"

"தெரியல" என்றாள் லீஜூ. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஷூஹுய் கேட்டதே இல்லை.

அந்த இரண்டு நாளில் எட்டாவது மருந்து தன் வேலையைக் காட்டியிருந்தது, தப்பான பக்கத்தில். பிங்யாவின் சிறுநீர்ப் பையில் வெறும் நாற்பது மில்லி. அதுவும் சோயா சாஸ் நிறத்தில். காய்ச்சல் நாற்பதைத் தாண்டியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் முழுக்க வெள்ளை. இடதிலும் பனி படர்ந்திருந்தது. டாக்டர் வெய் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவிப் பார்த்தார். மறுநாளே மறுபடி நிரம்பியது. ஆறாம் படுக்கைக்குப் புதிதாக வந்திருந்த சமையல்காரரை இயந்திரத்தில் போடலாமா என்று டாக்டர் கேட்டார். போட்டால் அவருக்கும் வரும். போடாவிட்டால் மூச்சு முட்டும்.

"கண்டுபிடிக்காம நான் இன்னொரு ஆள அந்த மெஷின்ல போடமாட்டேன் டாக்டர்."

"அப்ப தலையணையால அமுக்கிடலாமா?" டாக்டர் வெய் கத்தினார். பிறகு, தானே சுவரில் சாய்ந்துகொண்டார். "மன்னிச்சுக்கோ. மூணு நாளா தூக்கம் இல்ல." சமையல்காரரைக் கீழ்மாடி ஐசியூவுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, ஷூஹுய் ஐந்தாம் படுக்கை அருகே நின்று, எதையாவது விட்டுவிட்டோமா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தம் செய்யும் யூச்சின் அக்கா மருந்துத் துணியோடு வந்து வென்டிலேட்டரைத் துடைத்தாள். பக்கவாட்டைத் துடைத்தாள். மேலேயிருந்த பச்சைப் பொட்டலத்தைத் தூக்கினாள், அடியில் அழுத்தித் துடைத்தாள், பொட்டலத்தைத் திரும்ப வைத்தாள்.

ஷூஹுய் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யூச்சின் அக்கா, அதத் துடைக்கலயா?"

"எத? பொட்டலத்தையா?" யூச்சின் அக்கா பதறினாள். "நீங்கதானே தொடக் கூடாதுன்னீங்க? ஸ்பிரிட்டு பட்டா எழுத்து அழிஞ்சிடும்னு சொன்னீங்களே!"

சொன்னது அவள்தான்.

இந்தத் தீவில் பச்சைப் பொட்டலம் இல்லாத இயந்திரம் எது? வங்கியில் பணம் எண்ணும் இயந்திரத்தின் மேல் இருக்கும். ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் மேல் இருக்கும். உள்ளே வெறும் சோளப்பொரிதான். ஆனால் அது பக்கத்தில் இருந்தால் இயந்திரம் சமத்தாக ஓடும், மக்கர் பண்ணாது. மஞ்சள் பை வைக்கக் கூடாது, சிவப்பு வைக்கவே கூடாது. பிரிக்கக் கூடாது. தேதி தாண்டக் கூடாது. படித்தவர்கள் சிரித்துக்கொண்டே வைப்பார்கள், ஆனால் வைப்பார்கள். டாக்டர் வெய்யின் ஆபரேஷன் அறையில் இரண்டு இருக்கிறது.

ஐந்தாம் படுக்கைப் பொட்டலம் சாதாரணப் பொட்டலம் அல்ல. மே மாதம் மீன் உருண்டை விற்கும் கிழவர் ஒருவர் கொதிக்கும் எண்ணெயில் வெந்து வந்தார். அந்தக் கிருமி முதலில் வந்தது அவருக்குத்தான். பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது, தன் இயந்திரத்தின் மேலிருந்த பொட்டலத்தில் பேனாவால் எழுதிவிட்டுப் போனார்: 'நான் மூச்சு விட்டுட்டேன். அடுத்தவரும் விடட்டும்.' அதை மூன்றாம் படுக்கையில் வைத்தார்கள். அங்கே கிடந்த பாக்குத் தோட்டக்காரருக்கும் சளி கட்டியது, அவரும் பிழைத்தார், அவரும் எழுதினார். பிறகு ஏழாம் படுக்கை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அந்த அம்மாள் இறந்துபோனாள். எண்பது சதவீதம் வெந்தவளுக்குப் பாவம் பொட்டலம் என்ன பண்ணும் என்றார்கள் நர்ஸுகள். மூன்று பேரில் இரண்டு பேரைக் காப்பாற்றிய பொட்டலம். எழுத்து அழியக் கூடாது.

பிங்யாவ் வந்த அன்று மெய்ச்சூ கதவருகே தரையில் உட்கார்ந்து தன் தலைமுடியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஷூஹுய் போய், காலியாகக் கிடந்த ஏழாம் படுக்கையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து ஐந்தாம் படுக்கையில் வைத்தாள். "இது ரெண்டு பேரக் காப்பாத்தியிருக்கு" என்றாள். பேனாவை எடுத்து, மற்ற எழுத்துகளுக்குக் கீழே, 'பிங்யாவ், அக்கா காத்திருக்கா' என்று எழுதவும் செய்தாள்.

கிழவருக்குச் சளி கட்டியது. பொட்டலம் போன மூன்றாம் படுக்கையில் கட்டியது. ஏழில் கட்டியது. ஐந்தில் கட்டியது.

பிழைத்ததை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். சளி பிடித்ததை யாரும் எண்ணவில்லை.

ஷூஹுய் கையுறையை மாட்டினாள். ஒரு பஞ்சுக்குச்சியைப் பிரித்து, பொட்டலத்தின் சுருங்கிய ஓரங்களிலும் எழுத்துகளின் மேலும் உருட்டினாள். சீசாவில் போட்டு மூடினாள். எந்த இடம் என்று எழுத வேண்டிய கோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அறுபத்தைந்து என்று மட்டும் எழுதி லீஜூவுக்கு அனுப்பினாள். பொட்டலத்தைச் சிவப்புக் கழிவுப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தன் அலமாரியில் பூட்டினாள்.

பத்தரைக்கு மெய்ச்சூ வந்தாள். தம்பியைப் பார்ப்பதற்கு முன் இயந்திரத்தைப் பார்த்தாள்.

"எங்க அது?"

"சுத்தம் பண்றதுக்கு எடுத்திருக்கோம்."

"யாரு எடுத்தா? எதுக்கு எடுத்தீங்க?" அவள் குரல் ஏறியது. "நேத்துவரைக்கும் இருந்துச்சு, நேத்துவரைக்கும் அவன் நல்லா இருந்தான்…"

நேற்றும் அவன் நன்றாக இல்லை. அதைச் சொல்ல ஷூஹுய்க்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டியது அதற்கு அடியில் இருந்தது. அது நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"திரும்பக் குடுத்துடுவீங்கதானே, சிஸ்டர்?"

"பார்க்கலாம்."

மெய்ச்சூ உடனே அடங்கிப்போனாள். சிஸ்டரைக் கோபப்படுத்திவிட்டோமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. பையைத் துழாவி முட்டை அப்பத்தை எடுத்து நீட்டினாள். "கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இன்னைக்குச் சூடாவே இருக்கு."

ஷூஹுய் அதை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வாய் வைக்க முடியவில்லை.

மறுநாள் மெய்ச்சூ மொத்த வியாபாரக் கடையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியையே தூக்கி வந்தாள். இருபத்து நான்கு பச்சைப் பொட்டலம். "எட்டுப் படுக்கைக்கும் மும்மூணு. அவனுக்கு மட்டும் கேட்டா சாமி கோவிச்சுக்கும்" என்றாள். காவலாளி உள்ளே விடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு மின்தூக்கி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை நாலு மணிக்கு லீஜூ அழைத்தாள். முகமன் இல்லை.

"அறுபத்தஞ்சு எது?"

ஷூஹுய் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அறுபத்தஞ்சுல அவன் கூட்டம் கூட்டமா இருக்கான். நாலு பேரோட சளியில இருந்த அதே சாதி. காய்ஞ்ச பிளாஸ்டிக்குல மாசக்கணக்குல உயிரோட கிடப்பான், கை பட்டா ஏறிக்குவான். அறுபத்தஞ்சு எது?"

ஷூஹுய் சொன்னாள். பிறகு, லீஜூ மெதுவாகச் சொன்னாள்: "என் கம்ப்யூட்டர் மேலயும் ஒண்ணு இருக்கு அக்கா. இப்பதான் பார்க்கிறேன்."

அன்றே எல்லாப் படுக்கையின் பொட்டலங்களும் சிவப்புப் பைக்குள் போயின. நர்ஸுகளில் ஒருத்தி விசும்பினாள். இன்னொருத்தி, "வாராவாரம் புதுசு வைக்கலாமே அக்கா, எழுதாம வைக்கலாமே" என்று கெஞ்சினாள். அரை மணி நேரத்தில் இரண்டாம் படுக்கையின் வென்டிலேட்டர் தானாக நின்று தானாக ஓடியது. எல்லோரும் ஷூஹுயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்த நோயாளிக்கு ரப்பர்ப் பையால் மூச்சு கொடுக்க ஓடினாள்.

டாக்டர் வெய் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே புதுசா யாருக்கும் வராது. அது உன்னாலதான். அறிக்கை மேல போகட்டும், நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட இப்பச் சொல்லாத."

"ஏன்?"

"சொன்னா யாருக்கு நிம்மதி? அவளுக்கா, உனக்கா?"

ஷூஹுய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவளுக்கு இப்ப ஒரே நம்பிக்கை நீதான். அதையும் புடுங்கிட்டு எத அவ கையில குடுக்கப்போற?"

அடுத்த நாலு நாளும் ஷூஹுய் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் தானே சளி உறிஞ்சினாள். தானே அவன் வாயைக் கழுவினாள், தலைமாட்டை உயர்த்தினாள், முதுகில் தட்டினாள். டயாலிசிஸ் இயந்திரம் வந்தது. ரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்து ஓடியது, அப்புறம் நாலு. பதினாறு வருடத்தில் படுக்கையோடு பேசாத அவள், பிங்யாவின் காதருகே குனிந்து, "மூணாவது மீன் இன்னும் உயிரோடதான் இருக்காம்டா. நீ ஏன்டா இப்படிப் பண்ற?" என்றாள். இருபத்தெட்டாம் நாள் காலை அவன் விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கின.

ஆலோசனை அறையில் டாக்டர் வெய் கொட்டையைத் துப்பிவிட்டுப் பேசினார். அது ஒன்றிலேயே மெய்ச்சூவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னைக்கா, நாளைக்கா?"

"இன்னைக்கு ராத்திரி தாண்டுறது கஷ்டம்."

மெய்ச்சூ அழவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்ப மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். ஆஸ்பத்திரியில மூச்சு நின்னா அவனுக்கு வீட்டுக்கு வழி தெரியாது. சின்ன வயசுலயே வழி தப்புறவன் அவன்." பிறகு, ஷூஹுயைப் பார்த்தாள். "நீங்க கூட வர்றீங்களா சிஸ்டர்? வேற யாரு கையும் வேணாம்."

மதியம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. வென்டிலேட்டரைக் கழற்றியாயிற்று. ஷூஹுய் தலைமாட்டில் உட்கார்ந்து ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கினாள். ஓர் அமுக்கு, ஒரு மூச்சு. பிங்யாவின் மார்பு ஏறி இறங்கியது. லூகாங்குக்கு அரை மணி. வீட்டுக் கூடத்தில் பலகை போட்டு, சாமி படங்களைச் சிவப்புத் தாளால் மூடித் தயாராக வைத்திருப்பார்கள். அங்கே போய்க் குழாயை எடுப்பதும் ஷூஹுயின் வேலைதான்.

மெய்ச்சூ தம்பியின் கால்மாட்டில் குனிந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். உயிர் பின்தங்கிவிடாமல் கூடவே வர வேண்டும் அல்லவா?

"டேய் பிங்யாவ், ஆஸ்பத்திரி வாசல் தாண்டியாச்சு. இடதுபக்கம் திரும்புறோம். விட்டுடாத, கூடவே வா… இதோ பாலம் வருது, பாலத்தத் தாண்டுறோம்… பெட்ரோல் பங்க். நீ வண்டிய உருட்டிக்கிட்டு வந்து நின்னியே, அதே பங்க்தான். வெக்கங்கெட்ட பயலே, வா…"

ஓட்டுநரும் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார்.

ஷூஹுய் அமுக்கினாள். விட்டாள். டாக்டர் வெய் கேட்ட கேள்வி காதில் நின்றது. யாருக்கு நிம்மதி? அவளுக்கா, உனக்கா? வீடு போய்ச் சேர்ந்த பிறகு சொல்ல முடியாது. இறுதிச் சடங்கு முடிந்த பிறகு இந்தப் பெண் பெட்டி நிறைய முட்டை அப்பத்தோடு நன்றி சொல்ல ஆறாவது மாடிக்கு வருவாள். வருவாள் என்று நிச்சயமாகத் தெரியும்.

"மெய்ச்சூ."

"வலதுபக்கம் திரும்புறோம்டா… என்ன சிஸ்டர்?"

"அந்தக் கிருமி எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. அஞ்சு நாளாச்சு தெரிஞ்சு." அமுக்கினாள். "அந்தப் பொட்டலத்துல இருந்துச்சு. முதல்ல வந்த பெரியவர்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டு, படுக்கை படுக்கையா போயிருக்கு. நாங்கதான் கொண்டுபோனோம்." விட்டாள். "உங்க தம்பிக்குக் கொண்டுவந்து வச்சது நான். வேற யாரும் இல்ல. என் கையால வச்சேன். ரெண்டு பேரக் காப்பாத்தினதுன்னு உங்ககிட்டச் சொன்னதும் நான்தான்."

மெய்ச்சூ ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்தினாள். வண்டி ஒரு திருப்பத்தைத் தாண்டியது, யாரும் சொல்லவில்லை. தொலைவில் கால்வாய்ப் பாலம் தெரிந்தது. நெருங்கியது. ஓட்டுநர் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார்.

மெய்ச்சூவின் வாய் அசையவில்லை.

"பிங்யாவ்!" ஷூஹுய்தான் கத்தினாள். கை நிற்கவில்லை, குரல் உடைந்தது. "பாலம் வருதுப்பா! பாலத்தத் தாண்டுறோம், பின்னாடியே வா! அக்கா இங்கதான் இருக்கா, வா!"

வண்டி பாலத்தின் மேல் ஏறி இறங்கியது.

மெய்ச்சூ தன் வலது கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அதை மெல்லத் தம்பியின் பாதத்தருகே கொண்டு போனாள். தொடாமல் நிறுத்தினாள்.

"நீங்க மெஷின் மேலதானே வச்சீங்க, சிஸ்டர்?" என்றாள். "திரைய மூடிட்டு நீங்க போனதும், தினமும் கையுறையக் கழட்டிட்டு, அத எடுத்து அவன் வாயிலயும் குழாயிலயும் ஒத்தி ஒத்தி எடுத்தது நான்."